பதினொரு வினாடிக் கடிதம்

திருவனந்தபுரம்
2 ஜூன் 2025

மதிப்பிற்குரிய ரத்னாபாய் டீச்சருக்கு,

வணக்கம். உங்கள் மாணவி லிபிக்காக நீங்கள் அனுப்பிய பரிந்துரைக் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

எங்கள் அறக்கட்டளை ஆண்டுதோறும் ஆறு பிள்ளைகளுக்குச் சென்னைக் கல்லூரி ஒன்றில் இடமும் விடுதியும் வாங்கித் தருவது உங்களுக்குத் தெரியும். அந்த ஆறு பேரைப் பொறுக்கும் குழுவுக்கு நான்தான் தேர்வு அலுவலர். இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆசிரியரின் கடிதத்தை யாரும் கையில் வாங்கிப் படிப்பதில்லை. நான் எழுந்து நின்று உரக்க வாசிப்பேன். தலைவரும் இரண்டு உறுப்பினர்களும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள்.

உங்களுடையதைச் சனிக்கிழமை வாசித்தேன். "லிபி இரண்டு வருடமாக என் மாணவி. ஒழுங்காக வருவாள், சொன்னபடி கேட்பாள். நடத்தை நன்று. அவள் மென்மேலும் உயர வாழ்த்துகிறேன்." பதினொரு வினாடி. தலைவர் கண்ணைத் திறந்து, "தீர்ந்தோ?" என்று கேட்டார்.

இந்த வருட விண்ணப்பங்களில் லிபிக்குத்தான் மதிப்பெண் அதிகம். ஆகவே உங்களிடம் வேறு கடிதம் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஜூன் 28 கடைசிக் கூட்டம். பரிந்துரைப்பவரோடு நான் ஃபோனில் பேசவோ நேரில் பார்க்கவோ கூடாது; எழுத்தில் மட்டும்தான் என்பது விதி.

தமிழில் எழுதுகிறேன். இந்த அலுவலகத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என்னை நினைவிருக்கிறதா? 2010-இல் கிழக்கேகோட்டைப் பள்ளியில் உங்களிடம் பிசிக்ஸ் படித்தேன். சாலைக் கம்போளச் சந்தையில் அரிசி மூட்டை சுமக்கும் லிங்கத்தின் மகள்.

இப்படிக்கு,
அஜிதா


விதுரா
6 ஜூன் 2025

அன்புள்ள அஜிதா மோளுக்கு,

கர்த்தர் உன்னை ஆசீர்வதிக்கட்டும். கவரைப் பிரித்ததும் தமிழைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பாறசாலையில் பிறந்து, இத்தனை வருடம் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் கிளாஸ் எடுத்து, தமிழில் எனக்கு யார் எழுதுகிறார்கள்? இங்கே மலையடிவாரத்துக்கு மாற்றல் வந்து ஆறு வருடம் ஆயிற்று. அடுத்த மார்ச்சில் ரிட்டயர்மென்ட்.

உன்னை நினைவில்லாமல் என்ன? கடைசி பெஞ்சில் வாய் திறந்து மிண்டாமல் இருப்பாயே, அந்த அஜிதாதானே? நீ இப்போது பெரிய ஸ்தானத்தில் இருக்கிறாய் என்பதில் எனக்கு எத்தனை பெருமை! உனக்கும் ஒரு கடிதம் எழுதித் தந்ததாக ஞாபகம்.

லிபி நல்ல குட்டி. பொன்முடி எஸ்டேட் லைனிலிருந்து வருகிறாள். அப்பா இல்லை. அம்மா உலகம்மைக்கு அடுத்த வருடத்தோடு கொழுந்து பறிக்கும் வேலை முடிகிறது. லைன் வீடு வேலைக்காரருக்குத்தான். இவள் பதிவேட்டில் பெயர் கொடுத்து கொழுந்து பறிக்கப் போகாவிட்டால் இரண்டு பேரும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். உங்கள் இடம் கிடைத்தால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கே போய்விடுவதாகச் சொல்கிறாள். அதனால் எப்படியாவது பார்த்துச் செய்.

முப்பது வருடமாக நான் இப்படித்தான் எழுதுகிறேன் மோளே. நடத்தை நன்று என்பதற்கு மேல் ஒரு டீச்சர் என்ன சொல்வாள்? சரி, "கடும் உழைப்பாளி, தெய்வ பயம் உள்ளவள்" என்று சேர்த்து இரண்டாவதாக ஒன்று எழுதியிருக்கிறேன். அதுவும் போதாதென்றால் சங்கடப்படாதே. என் லெட்டர்ஹெட்டில் கையெழுத்தும் சீலும் போட்டு ஒரு வெற்றுத்தாள் வைத்திருக்கிறேன். உங்கள் ஆட்களுக்கு எது பிடிக்குமோ அதை நீயே அடித்துக்கொள். எல்லோருக்கும் நான் செய்வதுதான்.

பிரியமுடன்,
ரத்னாபாய் டீச்சர்


திருவனந்தபுரம்
10 ஜூன் 2025

ரத்னாபாய் டீச்சருக்கு,

நான் கடைசி பெஞ்சில் இருந்ததில்லை. முதல் பெஞ்ச், ஜன்னல் ஓரம்.

உங்கள் இரண்டாவது கடிதத்தை வாசித்துப் பார்த்தேன். பதினான்கு வினாடி. தெய்வ பயத்துக்கு மூன்று வினாடி கூடியிருக்கிறது.

எனக்கு எழுதித் தந்ததாக ஞாபகம் என்கிறீர்கள். எனக்கு ஞாபகம் வேண்டாம், கடிதமே இருக்கிறது. ஏழு வருடம் முன்பு இதே அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது, முதல் வாரமே பழைய கோப்புகளை அடுக்கச் சொன்னார்கள். 2010-ஆம் ஆண்டுக் கட்டுக்குள் என் பெயர் இருந்தது. "அஜிதா இரண்டு வருடமாக என் மாணவி. சொன்னபடி கேட்பாள், நடத்தை நன்று. தகப்பனார் சுமை தூக்குபவர். இரக்கம் காட்டவும்." தரையில் உட்கார்ந்து அதை உரக்க வாசித்தேன். அதுவும் பதினொன்றுதான்.

அதே கட்டுக்குள் ஹெட்மாஸ்டர் மகன் ஸ்ரீஜித்துக்கு நீங்கள் எழுதிய கடிதமும் இருந்தது. இரண்டு பக்கம். அதில் ஒரு பத்தி எனக்கு மனப்பாடம். 2010 ஜனவரி 15, வளையச் சூரிய கிரகணம். பள்ளிக்கூடமே கறுப்புக் கண்ணாடிக்கு அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை மட்டும் அரிசிச் சல்லடை ஒன்றைக் கொண்டு வந்து முற்றத்து வெயிலில் பிடித்தது. சல்லடையின் ஒவ்வொரு துளையும் தரையில் ஒரு சூரிய மோதிரத்தை விழவைத்தது. நூற்றுக்கணக்கான மோதிரங்கள். "இந்தப் பிள்ளையிடம் ஒரு விஞ்ஞானி இருக்கிறான்" என்று எழுதியிருந்தீர்கள்.

அந்தச் சல்லடை என் அப்பா வேலை செய்த கடையுடையது டீச்சர். கேட்டு வாங்கி, தலையில் வைத்துக்கொண்டு, சாலைச் சந்தையிலிருந்து பள்ளிவரைக்கும் நடந்தவள் நான். நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள். "எடீ, இது கொள்ளாமே!" என்று மெச்சிச் சொன்னீர்கள். கடிதத்தில் அது ஸ்ரீஜித்தின் கைக்குப் போய்விட்டது. அவன் சென்னைக்குப் போனான். நான் மூன்று வருடம் சாலைச் சந்தையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடித்தேன். நான் படிக்க நினைத்தது பிசிக்ஸ். படித்தது தபாலில் பி.காம்.

உங்களை நான் வெறுக்கிறேன். இதை எழுத எனக்கு ஏழு வருடம் ஆயிற்று.

கடிதம் எப்படி எழுதுவது என்று கேட்டீர்கள் அல்லவா? பெரிய வித்தை எதுவும் இல்லை. பிள்ளையை எத்தனை நாளாக, எந்த வகையில் தெரியும் என்று சொல்ல வேண்டும். நீங்கள் கண்ணால் கண்ட ஒரு காரியத்தை நாளோடு, இடத்தோடு சொல்ல வேண்டும். உங்கள் கையில் வந்த மற்றப் பிள்ளைகளோடு வைத்துப் பார்த்தால் இவள் எங்கே நிற்கிறாள் என்று சொல்ல வேண்டும். குறை இருந்தால் மறைக்கக் கூடாது. குறையே இல்லாத பிள்ளையை எந்தக் குழுவும் நம்பாது. ஏழை என்று அழ வேண்டாம், அது விண்ணப்பத்திலேயே இருக்கிறது. கடைசியில், இவளுக்காக உங்கள் பெயரைப் பணயம் வைப்பீர்களா மாட்டீர்களா என்று ஒரே வரியில் சொல்ல வேண்டும். இவ்வளவுதான். ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரத்தை நீங்கள் எனக்குத் தரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடிதம் மெலிந்து வந்தால் திருப்பி அனுப்பி வேறு கேட்கத் தேர்வு அலுவலருக்கு அதிகாரம் உண்டு. எல்லா ஆசிரியர்களிடமும் கேட்பேன். உங்களிடம் மட்டும் கேட்டதில்லை. 2021-இல் ஜெயன். 2022-இல் ரெம்யா. போன வருடம் பிரஜின். நீங்கள் எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் வாசித்துவிட்டு உட்கார்ந்தேன். உப்பைத் தின்றவர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றிருந்தேன்.

உங்கள் கையெழுத்திட்ட வெற்றுத்தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

அஜிதா


விதுரா
17 ஜூன் 2025

அஜிதாவுக்கு,

வெள்ளிக்கிழமை உன் அலுவலகத்துக்கு வந்தேன். விதியை மீறித்தான் வந்தேன். காலை பத்திலிருந்து மூன்று மணிவரை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். "மேடம் மீட்டிங்கிலாணு டீச்சரே" என்று பியூன் நாலு தடவை சொன்னான். நீ கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்ததை நான் பார்த்தேன். போகட்டும்.

முதலில் உள்ளதைச் சொல்கிறேன். ஸ்ரீஜித்தின் கடிதத்தை நான் எழுதவில்லை. ஹெட்மாஸ்டர் சார் என்னிடம் கையெழுத்திட்ட தாள் ஒன்று கேட்டார், கொடுத்தேன். அவரே அடித்துக்கொண்டார். என்ன அடித்தார் என்று நான் இந்த நாள்வரை படிக்கவில்லை. சல்லடைக் கதையை ஸ்டாஃப் ரூமில் நான்தான் எல்லோரிடமும் சொன்னேன், ஆச்சரியப்பட்டுச் சொன்னேன். அது அவர் காதிலும் விழுந்திருக்கும். உனக்கென்று எழுதும்போது அது எனக்கு ஓர்மையில் வரவில்லை. நாலு வரி எழுதினால் போதும் என்று இருந்தேன். இது சமாதானம் அல்ல. தப்பு என்னுடையது. படிக்காமல் கையெழுத்துப் போடுகிற கை திருடன் கைக்குச் சமம்.

ஆனால் அஜிதா, ஜெயன் உனக்கு என்ன செய்தான்? கோவளத்தில் ஒரு ஹோட்டலில் ரூம் துடைக்கிறான். ரெம்யா எங்கே இருக்கிறாள் என்று நீ கேட்கவில்லையே. அதே சாலைச் சந்தையில், ஜவுளிக்கடையில். சேலை மடிக்கிறாள். என்னை அடிக்க நினைத்து நீ உன்னையே அல்லவா திரும்பவும் அடித்திருக்கிறாய்? பிரஜின் இன்னும் ஒரு தடவை விண்ணப்பிக்கலாம் என்று காத்திருக்கிறான். நான் அவனிடம் என்ன சொல்வது? உன் கடிதத்தைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. வெட்கத்தால் பாதி, கோபத்தால் பாதி.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் பொன்முடி பஸ்ஸைப் பிடித்தேன். ஆறு வருடம் அடிவாரத்தில் இருந்தும் அந்த லைனுக்கு நான் போனதில்லை. லிபி என்னைக் கண்டு பயந்துவிட்டாள். காரணம் உண்டு. போன டிசம்பரில் லேபில் ஒரு தெர்மாமீட்டர் காணாமல் போயிற்று. கிளாஸில் எல்லோர் முன்னாலும் அவளைத்தான் கள்ளி என்றேன். அது அவளிடம்தான் இருந்தது. உலகம்மை சொன்னாள்: "டீச்சரே, கோவப்படாதிய. மேல அரிசி ஏன் லேட்டா வேவுதுன்னு பாக்கணுமாம். தெனமும் கொதிக்க தண்ணியில அந்தக் கண்ணாடிக் குச்சிய விட்டுட்டு நிக்கா. அடுப்பே இவளுக்குத்தான்."

லிபி நோட்டைக் காட்டினாள். லைன் வீட்டில், வழியில் ஒரு சாயாக்கடையில், பள்ளிக்கூடத்தில் என்று மூன்று இடத்தில், நாற்பத்தொரு நாள், தண்ணீர் கொதிக்கும் சூடு. கீழே நூறுக்கு ஒட்டி வருவது மேலே தொண்ணூற்றாறுக்குச் சற்று மேல். நான் முப்பது வருடமாகப் போர்டில் எழுதிப்போட்ட பாடம். ஒரு நாள்கூட அளந்து பார்த்ததில்லை.

இதையெல்லாம் எழுதி மூன்றாவது கடிதம் வைத்திருக்கிறேன். என் வெற்றுத்தாளைத் திருப்பி அனுப்பு. என்னை என்ன வேண்டுமானாலும் செய். அந்தக் குட்டியை விட்டுவிடு.

ரத்னாபாய்


திருவனந்தபுரம்
20 ஜூன் 2025

ரத்னாபாய் டீச்சருக்கு,

மூன்றாவது கடிதம் ஒரு நிமிடம் நாற்பது வினாடி. தேறியிருக்கிறீர்கள். ஆனால் அவளைக் கள்ளி என்று சொன்னதை எனக்கு எழுதினீர்கள், குழுவுக்கு எழுதவில்லை. மற்றப் பிள்ளைகளோடு வைத்துப் பார்க்கவும் இல்லை. பெயரைப் பணயம் வைக்கவும் இல்லை. இதைத்தான் வாசிக்க வேண்டுமென்றால் வாசிக்கிறேன். போட்டியில் இருக்கும் மற்ற பிள்ளைகளின் ஆசிரியர்கள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள்.

வெற்றுத்தாளைத் திருப்பித் தருவதாக இல்லை. அதில் நான் எதை வேண்டுமானாலும் அடிக்கலாம். லிபி லேபில் திருடினாள் என்றுகூட அடிக்கலாம், உங்கள் கையெழுத்தோடு.

இனி என் விஷயம். அறக்கட்டளைக்குச் செயலாளர் வேலை காலியாகிறது. எனக்குத்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த நாற்காலிக்கு வருகிறவரும் தனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் ஒருவரிடமிருந்து பரிந்துரை கொண்டு வர வேண்டும். நிறுவனர் காலத்து ஏற்பாடு. அதுவும் 28-ஆம் தேதிக் கூட்டத்தில்தான் வாசிக்கப்படும். உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.

ஆச்சரியப்பட வேண்டாம். நீங்கள் எனக்கு ஒரு கடிதம் தர வேண்டியிருக்கிறது. வெற்றுத்தாளில் நானே அடித்துக்கொள்ளலாம். அது எனக்கு வேண்டாம். உங்கள் கையால் எழுதியிருக்க வேண்டும். சல்லடை யாருடையது என்று அந்த அறையில் சொல்லப்பட வேண்டும், என் வாயால் நானே அதை வாசிக்க வேண்டும். லிபியின் கடிதத்தையும் என்னுடையதையும் ஒரே உறையில் வைத்து, ஒட்டி, தலைவர் பெயருக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புங்கள். கூட்டத்தில்தான் உறை பிரியும்.

நான் சொன்ன முறைப்படியே எழுதுங்கள். இரண்டையும் நன்றாக எழுதினால், வெற்றுத்தாளைக் கிழித்துவிடுகிறேன்.

அஜிதா


விதுரா
27 ஜூன் 2025

அஜிதாவுக்கு,

இது உன் கையில் கிடைக்கும்போது கூட்டம் முடிந்திருக்கும். நீ கேட்டபடி இரண்டும் ஒரே உறையில் போயிற்று. லிபியினுடையதில் கள்ளி என்றதும் உண்டு, நாற்பத்தொரு நாளும் உண்டு, என் பெயரும் உண்டு. உன்னுடையதை எழுத நாலு நாள் ஆயிற்று. அதன் தமிழை இங்கே எழுதுகிறேன், நீ வாசித்தது இதுதானா என்று சரிபார்த்துக்கொள்.

"தலைவர் அவர்களுக்கு. அஜிதாவை நான் 2008 முதல் 2010 வரை என் வகுப்பு மாணவியாகவும், கடந்த நாலு வாரமாகக் கடிதங்கள் வழியாகவும் அறிவேன்.

"2010 ஜனவரி 15 அன்று, கிரகணத்தின்போது, இவள் ஒரு அரிசிச் சல்லடையை வெயிலில் பிடித்து எங்கள் பள்ளி முற்றம் முழுக்கச் சூரிய மோதிரங்களை விழவைத்தாள். அது இவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. கண்ணால் கண்ட சாட்சி நான். உங்கள் கோப்பில் இந்தக் காரியம் வேறொரு மாணவனின் பெயரில், என் கையெழுத்தின்மேல் இருக்கிறது. அது பொய். படிக்காமல் வெற்றுத்தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தவள் நான். அந்தப் பொய்யை உங்கள் கோப்பிலிருந்து நீக்கி, இவள் பெயரில் பதியும்படி கேட்டுக்கொள்கிறேன்.

"முப்பது வருடத்தில் என் கையில் வந்த பிள்ளைகளில் இவளைவிடக் கூர்மையானவள் இல்லை. ஒரு கடிதத்தில் எது இல்லை என்பதை இவள் கேட்ட நொடியில் சொல்லிவிடுவாள். எனக்குச் சொல்லிக்கொடுத்தவளும் இவளே.

"குறை மறைக்கக் கூடாது என்பது இவள் எனக்குக் கற்பித்தது. ஆகவே சொல்கிறேன். ஜெயன், ரெம்யா, பிரஜின் என்ற என் மூன்று மாணவர்களின் கடிதங்கள் மெலிந்தவை. மற்ற ஆசிரியர்களிடம் வேறு கடிதம் கேட்ட இவள் என்னிடம் கேட்கவில்லை. மறதியால் அல்ல, என்மேல் உள்ள பகையால். அதை ஜூன் 10 அன்று இவளே எனக்கு எழுதினாள். ஜூன் 20 அன்று, நான்காவதாக ஒரு பிள்ளையைக் கள்ளி என்று என் கையெழுத்தின்மேல் அடிக்க முடியும் என்றும் எழுதினாள். இரண்டும் தமிழில் உள்ளன. உங்கள் அலுவலகத்தில் தமிழ் அறிந்தவர் வேறு யாரும் இல்லை என்பதால் ஆங்கில மொழிபெயர்ப்போடு இணைத்திருக்கிறேன்.

"பிள்ளைகளின் கோப்பு இவள் கையில் இருக்கக் கூடாது. செயலாளர் பதவிக்கு இவளை நான் பரிந்துரைக்கவில்லை. ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்க இவளைவிடத் தகுந்த ஆள் இந்த ஜில்லாவில் கிடையாது. இந்த இரண்டுக்கும் என் பெயரைப் பணயம் வைக்கிறேன்."

நீ சொன்ன முறை ஒன்றையும் நான் விடவில்லை என்று நினைக்கிறேன்.

ரத்னாபாய்


திருவனந்தபுரம்
30 ஜூன் 2025

ரத்னாபாய் டீச்சருக்கு,

இதுதான். ஒரு சொல்கூட மாறவில்லை.

முதலில் லிபியினுடையது. நாலு நிமிடம். தெர்மாமீட்டர் வந்த இடத்தில் ஒரு உறுப்பினர் கையை உயர்த்தி, "ஒண்ணுகூட வாயிக்கு" என்றார். திரும்ப வாசித்தேன். ஆறு பேரில் அவள்தான் முதல் பெயர். உலகம்மையிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

பிறகு என்னுடையது. ஏழு நிமிடம். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சல்லடை வந்தபோது தலைவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். கீழே வரும் குறைப் பத்தி எனக்கு முன்னமே கண்ணில் பட்டுவிட்டது. அவர்கள் கடிதத்தைக் கையில் வாங்குவதில்லை, இணைப்புகளும் என் கையில்தான் இருந்தன. நான் அந்தப் பத்தியைத் தாண்டிப் போயிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் பதினைந்து வருடம் கழித்து எனக்கென்று ஒருவர் எழுதிய முழுக் கடிதம் அது. அதில் ஒரு வரியைக்கூட விட எனக்கு மனம் வரவில்லை. ஜெயன், ரெம்யா, பிரஜின் என்று மூன்று பெயரையும் நின்றுகொண்டே வாசித்தேன்.

"திருத்தான் எந்தெங்கிலும் உண்டோ?" என்று தலைவர் கேட்டார். திருத்த ஒன்றும் இல்லை சார், எல்லாம் நேரில் கண்டது என்றேன்.

தேர்வு மேசையை ஒப்படைத்துவிட்டேன். பிரஜினின் கோப்பை மறுபடி திறக்கிறார்கள். ஜெயனுக்கும் ரெம்யாவுக்கும் வயது தாண்டிவிட்டது. அது என் கணக்கில் நிற்கட்டும். ரெம்யாவின் கடையை விசாரித்துவிட்டேன். வாசல்வரை போனேன், உள்ளே போகவில்லை.

உங்களை மன்னித்ததாக நினைத்துக்கொள்ளாதீர்கள். பழிக்குப் பழியாக எழுதினீர்கள், நன்றாகவே எழுதினீர்கள். சல்லடை இப்போது கோப்பில் என் பெயரில் இருக்கிறது. அதை நானே நம்பர் போட்டுக் கட்டுக்குள் வைத்தேன்.

உங்கள் கடைசிப் பத்தியையும் குழு ஏற்றுக்கொண்டது. இனி மலையோரப் பள்ளிகளுக்குப் போய் ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுப்பதுதான் என் வேலை. முதல் பள்ளி உங்களுடையது. ஜூலை 9, புதன்கிழமை, காலை பதினொரு மணி. உங்கள் கையெழுத்திட்ட வெற்றுத்தாளை நான் கிழிக்கவில்லை. அதைக் கரும்பலகையில் ஒட்டிவிட்டுத்தான் வகுப்பைத் தொடங்குவேன். அதில் என்ன குறை என்று உங்கள் பள்ளி ஆசிரியர்கள் முன்னால் நீங்கள்தான் எழுந்து நின்று சொல்ல வேண்டும்.

முதல் பெஞ்சில், ஜன்னல் ஓரம் உட்காருங்கள்.

அஜிதா